கண்ணாடிக் கெண்டையின் செதில் எங்கே போனது? மீன் எலும்பும் இரட்டை மரபணுவும்

குன்னூர் டீச்சர்:

வணக்கம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஊட்டி மார்க்கெட்டில் விற்கும் கண்ணாடிக் கெண்டையை எங்கள் பிள்ளைகள் எல்லாருமே பார்த்திருக்கிறார்கள். முதுகோரமாக ஒரு வரிசை, வாலடியில் கொஞ்சம், செவுளுக்குப் பின்னால் ஒன்றிரண்டு என்று பெரிய பெரிய செதில்கள் இருக்கும். மீதி உடம்பு வெறும் தோல்தான்.

வகுப்பில் திடீர்மாற்றம் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "மரபணு கெட்டதால் செதில் போச்சு என்றால், அந்த மரபணுவுக்குச் செதில் போடுவது மட்டும்தான் வேலையா? வேறு வேலையும் இருந்திருந்தால் மீன் எப்படி உயிரோடு இருக்கிறது?" பாடப்புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. நான் தேடிப் படித்தவரை ஒரு மரபணு உடம்பில் பல இடங்களில் வேலை செய்யும் என்றுதான் இருக்கிறது. அப்படியானால் அவன் கேட்டது சரியான கேள்விதானே? தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். மாணவர்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

மேட்டுப்பாளையம் மீன்கடை:

டீச்சர், அறிவியல் எனக்குத் தெரியாது, மீன் தெரியும். கடைக்கு இரண்டு மாதிரிச் சாதாக் கெண்டை வரும். சமவெளி அணைகளிலும் குளங்களிலும் பிடித்தது உடம்பு முழுக்கச் செதிலோடு இருக்கும். மலையிலிருந்து இறங்குவதில்தான் இந்தக் கண்ணாடி அதிகம். வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரே முள், ஒரே குடல், ஒரே சினை. சாதி ஒன்றுதான்.

கண்ணாடியிலும் ஒரே மாதிரி இருக்காதுங்க. சிலதில் செதில் சிதறிக் கிடக்கும். சிலதில் பக்கவாட்டில் கோடு போட்ட மாதிரி ஒரே வரிசை. ரொம்ப அபூர்வமாக ஒரு செதில்கூட இல்லாமல் தோல் மட்டும் வரும். நோய் பிடித்த மீன் என்று நினைத்து வாங்காமல் போகிறவர்கள் உண்டு. நோயெல்லாம் இல்லை. செதில் சீவும் வேலை மிச்சம், அவ்வளவுதான்.

கோத்தகிரிக்காரன்:

டீச்சர், நான் கோத்தகிரி. படிப்பும் வேலையும் வரிக்குதிரை மீன் என்ற சிறு ஆய்வக மீனின் எலும்பு வளர்ச்சி பற்றியது. உங்கள் மாணவன் கேட்டிருப்பது எங்கள் துறையே சுற்றிவரும் கேள்வி. அவனிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊட்டிக்கு இது எப்படி வந்தது என்பது. கண்ணாடிக் கெண்டை ஐரோப்பியக் குளங்களில் வளர்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம். 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்தார்கள். உடம்பு முழுக்கச் செதில் உள்ள ரகம் 1957இல் பாங்காக்கிலிருந்து இந்தியாவுக்கு வந்து சமவெளியில் பரவியது. மீன்கடை அண்ணன் பார்க்கும் வித்தியாசத்துக்குக் காரணம் இந்த இரண்டு வரவுகள்தான்.

அடுத்து, செதில் என்றால் என்ன? நம் முடி, நகம் போல மேல்தோல் உலர்ந்து கெட்டியாகி வந்ததல்ல மீன் செதில். தோலின் உள்ளடுக்கில் கனிமம் படிந்து உருவாகும் தட்டு அது. எலும்புக்கூட்டில் இரண்டு பிரிவு உண்டு. முதுகெலும்பின் பெரும்பகுதியும் தாடையின் சில பகுதிகளும் போல, குருத்தெலும்பாகத் தொடங்கியோ அதை ஒட்டியோ வருபவை ஒரு பிரிவு. மண்டையோட்டின் மேல்தட்டுகள், துடுப்புக் கதிர்கள் போலத் தோலடியில் நேராகவே உருவாகுபவை இன்னொரு பிரிவு. செதில் இந்த இரண்டாம் பிரிவைச் சேர்ந்தது. ஆகவே செதில் போன மீன், எலும்புக்கூட்டில் ஒரு பகுதி போன மீன்.

இனி அந்த மரபணு. கெண்டையின் செதில் அமைப்பை முக்கியமாக இரண்டு மரபணு இடங்கள் தீர்மானிக்கின்றன. வளர்ப்பாளர்கள் அவற்றை எஸ், என் என்று குறிப்பார்கள். எஸ்ஸின் கெட்ட வடிவம் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்தால் கண்ணாடி. என் என்பதன் மாறிய வடிவம் ஒரு பக்கமிருந்து வந்து, எஸ் நன்றாக இருந்தால் கோட்டுக் கெண்டை. அந்த மாறிய என்னோடு எஸ்ஸும் இரு பக்கமும் கெட்டிருந்தால் வெறும் தோல். அண்ணன் சொன்ன எல்லா மாதிரியும் இதில் அடங்கிவிடும். என் இரு பக்கமிருந்தும் மாறிய வடிவமாக வந்தால் குஞ்சு பிழைப்பதே இல்லை.

இந்த எஸ் எது என்று 2009இல் கண்டுபிடித்தார்கள். நிக்கோலஸ் ரோஹ்னர், மேத்யூ ஹாரிஸ், நோபல் பரிசு பெற்ற கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் ஆகியோர் சேர்ந்த குழு. வரிக்குதிரை மீனில் செதில் குறைந்து, மீதமுள்ளவை பெரிதாக வளர்ந்த ஒரு திரிபு அவர்களிடம் இருந்தது. பார்க்க அப்படியே குட்டிக் கண்ணாடிக் கெண்டை. அதில் கெட்டிருந்தது எஃப்.ஜி.எஃப்.ஆர்.1ஏ என்ற மரபணு. உயிரணு வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் சைகையைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பியைச் செய்வது இது. கண்ணாடிக் கெண்டையில் தேடியபோது அதே மரபணுவின் கெண்டை வடிவம்தான் கெட்டிருந்தது.

உங்கள் மாணவனின் கேள்வி இங்கேதான் கூர்மையாகிறது. எலியில் இதே மரபணுவை முழுக்கச் செயலிழக்கச் செய்தால் எலிக் கரு மிக ஆரம்ப நிலையிலேயே இறந்துவிடும். கருவில் உடல் அடுக்குகள் பிரிவதற்கே அது வேண்டும். மீனுக்கு மட்டும் எப்படிச் செதிலோடு போயிற்று?

எலிக்கு அந்த மரபணு ஒன்றுதான். வரிக்குதிரை மீனுக்கு ஏ, பி என்று இரண்டு. கருவளர்ச்சியில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்றது பார்த்துக்கொள்கிறது. வளர்ந்த மீனில் செதில் போடும் வேலைக்கு மட்டும் 'ஏ' கட்டாயம் தேவை. அதனால் 'ஏ' கெட்டால் மீன் பிழைக்கிறது, செதில் போகிறது. கெண்டையில் இன்னும் ஒரு படி மேல்: அந்த 'ஏ'யும் இரண்டாகி ஏ1, ஏ2 என்று இருக்கிறது. கண்ணாடிக் கெண்டையில் கெட்டது ஏ1.

மாணவனுக்கு நேரடிப் பதில் இதுதான்: அந்த மரபணுவுக்கு வேறு வேலைகளும் உண்டு, உயிருக்கே முக்கியமான வேலைகள். ஆனால் அவற்றைச் செய்ய அதன் பிரதிகள் மீனின் உடம்பில் இருக்கின்றன.

பி.எஸ்சி. விலங்கியல்:

அண்ணா, ஊட்டியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். எல்லா உயிருக்குமே ஒவ்வொரு மரபணுவும் இரண்டு இருக்கும், ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து என்றுதானே படிக்கிறோம்? எலிக்கு ஒன்றுதான் என்று சொல்கிறீர்களே. அப்புறம், இந்த இரட்டிப்பு எப்போது நடந்தது? கூடுதல் பிரதி தேவையில்லாத சுமைதானே, ஏன் அழியவில்லை?

கோத்தகிரிக்காரன்:

தங்கச்சி, நல்ல இடத்தில் நிறுத்திக் கேட்டாய். இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் மேலே எல்லாமே குழம்பும்.

அப்பா அம்மாவிடமிருந்து வருபவை ஒரே இடத்துக்கான இரண்டு வடிவங்கள். ஜோடிக் குரோமோசோம்களில் ஒரே முகவரியில் எதிரெதிரே இருப்பவை. நான் சொன்ன 'ஏ', 'பி' அப்படியல்ல. அவை வெவ்வேறு குரோமோசோம்களில் வெவ்வேறு முகவரிகளில் உள்ள இரண்டு மரபணுக்கள். 'ஏ'வுக்கு அப்பா வடிவம், அம்மா வடிவம். 'பி'க்கும் தனியாக அப்படியே. இரண்டும் ஒரே பழைய மரபணுவிலிருந்து வந்தவை. எலிக்கு அந்த முகவரி ஒன்றுதான்.

எப்போது என்று கேட்டாய். முதுகெலும்பிகள் எல்லாவற்றின் மூதாதையரிலும் ஏறக்குறைய 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முழு மரபணுத்தொகுதியும் இரட்டித்திருக்கிறது. இரண்டு முறை நடந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதில் நாமும் அடக்கம். உடலின் எந்தப் பகுதி எதுவாக வளர வேண்டும் என்று சொல்லும் ஹாக்ஸ் மரபணுக் கொத்து ஆம்பியாக்ஸஸ் என்ற முதுகெலும்பில்லாத உறவுக்கு ஒன்றுதான். மனிதனுக்கு நான்கு. அதற்கப்புறம் நாம் சாப்பிடும் எலும்பு மீன்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் மூதாதையான மீனில் 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் முன்னால் இன்னொரு முறை எல்லாமே இரட்டித்தது. நான்கு எட்டாகி, அதில் ஒன்று தேய்ந்து, வரிக்குதிரை மீனில் இன்று 7 கொத்துகள்.

நம் அவலாஞ்சி ட்ரவுட்டின் கதை இன்னும் நீளம். சால்மனும் ட்ரவுட்டும் சேர்ந்த குடும்பத்தில் 8 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நான்காவது இரட்டிப்பு. அட்லாண்டிக் சால்மனில் ஹாக்ஸ் கொத்து 13. சாதாக் கெண்டையில் வேறு வழியாக நடந்தது: சுமார் 1 கோடி ஆண்டுக்கு முன் இரண்டு தனித்தனி மீன் இனங்கள் கலந்து, இரண்டின் முழுத் தொகுதியும் ஒரே மீனில் தங்கிவிட்டன. வரிக்குதிரை மீனுக்குக் குரோமோசோம் 50, கெண்டைக்கு 100.

இனி உன் கடைசிக் கேள்வி. பெரும்பாலும் நீ சொல்வதுதான் நடக்கிறது: கூடுதல் பிரதி அழிகிறது. ஒரு பிரதியில் பழுது சேர்ந்தால் மற்றது தாங்கிக்கொள்கிறது, பழுதானது மெல்லச் செயலற்றுப்போகிறது. ட்ரவுட்டில் 10 கோடி ஆண்டு அளவில் ஏறத்தாழ பாதி இரட்டைகள் இப்படிப் போய்விட்டன. மீதிப் பாதி ஏன் நின்றது என்பதில்தான் சுவாரசியம்.

1970இல் சுசுமு ஓனோ ஒரு விளக்கம் வைத்தார். ஒரு பிரதி பழைய வேலையைத் தொடரும், மற்றது தடையில்லாமல் மாறி, எப்போதாவது புது வேலை ஒன்றைக் கற்றுக்கொள்ளும் என்று. அப்படியும் நடக்கிறது. ஆனால் 1999இல் ஆலன் ஃபோர்ஸ், மைக்கேல் லின்ச், ஜான் போஸ்ட்லெத்வெய்ட் முதலானவர்கள் இதைவிட எளிய வழி ஒன்றைக் காட்டினார்கள். ஒரு பள்ளியில் ஒரே ஆசிரியர் தமிழும் கணக்கும் எடுத்துவந்தார் என்று வை. அதே இரண்டும் தெரிந்த இன்னொருவர் வந்து சேர்ந்தார். நாளடைவில் முதலாமவருக்குக் கணக்கு மறந்தது, இரண்டாமவருக்குத் தமிழ் மறந்தது. யாருமே புதிதாக ஒன்றும் கற்கவில்லை. ஆனால் இனி இருவரில் ஒருவரைக்கூட வெளியே அனுப்ப முடியாது. மரபணுவிலும் இதுதான். எந்த உறுப்பில், எந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் இயக்கிகள் ஒரு மரபணுவைச் சுற்றிப் பல இருக்கும். ஒரு பிரதியில் ஒரு இயக்கி, மற்றதில் வேறொன்று கெட்டால், இரண்டு பிரதியும் நிலைத்துவிடும்.

எலும்பில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சாக்ஸ்9. குருத்தெலும்பு உருவாகக் கட்டாயம் வேண்டிய மரபணு. மனிதனில் அதன் முகவரி ஒன்று. அப்பா, அம்மா வடிவங்களில் ஒன்று கெட்டாலே குழந்தையின் கால் எலும்புகள் வளைந்து, மூச்சுக்குழாய் வலுவிழந்து, பல குழந்தைகள் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டுவதில்லை. வரிக்குதிரை மீனில் சாக்ஸ்9ஏ, சாக்ஸ்9பி என இரண்டு. தாடை, மார்புத் துடுப்பு வேலைகளை அவை பாதி பிரித்தும் பாதி சேர்ந்தும் பார்க்கின்றன. ஒன்று போனால் ஒரு வகைக் குறை, மற்றது போனால் வேறு வகைக் குறை. இரண்டும் போனால் குருத்தெலும்பே கிட்டத்தட்ட இல்லை. எலியில் ஒரே மரபணுவுக்குள் சுருண்டு கிடக்கும் வேலைகளை மீனில் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. மனித எலும்பு நோய்களைப் படிக்கிறவர்கள் மீனைத் தேடி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கொடைக்கானல் வாசி:

விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் இந்தத் தலைப்பில் வழக்கமாக அடுத்து ஒரு வரி வரும்: "இரட்டிப்பு நடந்ததால்தான் மீன்கள் இவ்வளவு வகையாகப் பெருகின." அது வருவதற்கு முன்பே என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

எலும்பு மீன்கள் 30,000 இனங்களுக்கு மேல், சரி. இரட்டிப்புக்கு முன்பே பிரிந்துபோன கார் (gar) என்ற வகை மீன்களில் இன்று 7 இனங்கள்தான், அதுவும் சரி. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரட்டிப்பே காரணம் போலத் தோன்றும். ஆனால் புதைபடிவங்களைப் பார்த்தால் இரட்டிப்புக்குப் பிறகு நெடுங்காலம் கார் மீனின் கிளையும் எலும்பு மீன் கிளையும் உடல் வடிவ வகையில் ஏறத்தாழ சமமாகவே போயிருக்கின்றன. 2016இல் வெளிவந்த ஒரு புதைபடிவ ஆய்வு இதைத்தான் காட்டியது. பெருக்கம் வெகுகாலம் கழித்து வந்தது. ட்ரவுட் குடும்பத்திலும் அப்படியே. இரட்டிப்பு முடிந்து பல கோடி ஆண்டுகள் கழித்து, உலகம் குளிர்ந்த காலத்தில்தான் இனங்கள் பெருகின. இன்னொரு பக்கம், ஸ்டர்ஜன் மீன்களுக்கும் முழு இரட்டிப்பு நடந்திருக்கிறது. அவை இன்று இருபத்துச் சொச்சம் இனங்களோடு நிற்கின்றன. இரட்டிப்பு காரணம் என்றால் ஸ்டர்ஜன் ஏன் பெருகவில்லை?

மாணவர்களுக்கு வாசித்துக் காட்டப் போவதாக டீச்சர் எழுதியிருக்கிறார். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். "இதனால் அது" என்று ஒரே கோட்டில் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் பரிணாமத்தை ஏணி மாதிரி நினைத்துக்கொள்வார்கள்.

கோத்தகிரிக்காரன்:

ஐயா, இனங்களின் எண்ணிக்கையைப் பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். எண்ணிக்கைக்கு இரட்டிப்பு நேர்க் காரணம் என்று நான் எங்குமே சொல்ல மாட்டேன்.

நான் வாதிடுவது வேறொன்று. ஒரு உடம்பில் எதை மாற்றினால் உயிர் போகாது என்ற எல்லையை இரட்டிப்பு தளர்த்துகிறது. மாற்றம் எப்போது வரும், வந்தால் பரவுமா என்பதைக் குளிரும் இரையும் எதிரியும் புதிய நீர்நிலையும் தீர்மானிக்கட்டும். கண்ணாடிக் கெண்டையையே பாருங்கள். கூடுதல் பிரதி கோடிக்கணக்கான ஆண்டுகளாக அதனுள் இருந்தது, செதில் போகவில்லை. குளத்தில் வளர்த்த மனிதர்கள் செதில் குறைந்த மீனை விரும்பித் தேர்ந்த பிறகுதான் அது பரவியது. எலிக்கு அதே தேர்வை எத்தனை நூற்றாண்டு வைத்தாலும் அந்த மரபணு வழியாகப் பலன் கிடைக்காது, கரு தங்காது. நேரம் பிந்தியது என்பது இரட்டிப்புக்கு எதிரான சான்று ஆகாது. கதவு திறந்திருப்பதும் ஒருவர் அதன் வழியே நடந்துபோவதும் வேறு வேறு நாளில் நடக்கலாம்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எலும்பே மரபணு இரட்டிப்பின் பிள்ளை என்று சொல்ல நல்ல சான்று இருக்கிறது. இது முழுத் தொகுதி இரட்டிப்பு அல்ல, ஒரு மரபணு தன் பக்கத்திலேயே மறுபடி மறுபடி பிரதியெடுத்துக்கொண்டது. ஸ்பார்க் என்ற பழைய மரபணுவின் வழிவந்த ஒன்று இப்படிப் பெருகி எஸ்.சி.பி.பி. என்ற குடும்பம் ஆயிற்று. கால்சியத்தைப் பிடித்துவைக்கும் புரதங்கள் இவை. எலும்பு, பல்லின் எனாமல், இவற்றோடு பாலின் கேசீன்கூட இந்தக் குடும்பம்தான். 2014இல் பைரப்பா வெங்கடேஷ் குழு யானைச் சுறா எனப்படும் கடல் மீனின் மரபணுத்தொகுதியை வெளியிட்டது. அதற்கு எலும்பு கிடையாது, குருத்தெலும்பு மட்டும்தான். தேடிப் பார்த்தால் எஸ்.சி.பி.பி. குடும்பமே அதில் இல்லை. அதற்குத் தாயான ஸ்பார்க் வகைகள் இருக்கின்றன, பிள்ளைகள் இல்லை. அதே குழு வரிக்குதிரை மீனில் இந்தக் குடும்பத்து மரபணு ஒன்றை அடக்கிப் பார்த்தபோது எலும்பு உருவாவது குறைந்தது. இரட்டிப்பு, எலும்பு இரண்டுக்கும் இதைவிட நெருக்கமான உறவை எங்கே காட்டுவது?

கொடைக்கானல் வாசி:

இந்த அளவில் சொன்னால் எனக்குச் சம்மதம். எஸ்.சி.பி.பி. எடுத்துக்காட்டு வலுவானது. அங்கே பிரதி எது, அது செய்யும் பொருள் எது என்று கையில் எடுத்துக் காட்ட முடிகிறது. இன எண்ணிக்கைக் கணக்கில் அது முடியாது. டீச்சர், வகுப்பில் இரண்டாவதைத் தவிர்த்து முதலாவதைச் சொல்லுங்கள்.

மேட்டுப்பாளையம் மீன்கடை:

பெரியவர்கள் பேசுவது பாதிதான் புரிகிறது, ஆனால் விடாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் கேட்பது இதுதான். கெண்டையில் அந்த ஒய் மாதிரி பிளந்த குட்டி முள் சதைக்குள் நூறு கிடக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்க முடியாது என்று வீட்டுப் பெண்கள் ஜிலேபி மீனுக்குப் போய்விடுகிறார்கள். ஜிலேபியில் அந்த முள்ளே கிடையாது. செதில் போன மாதிரி இந்த முள்ளும் போன கெண்டை வருமா?

கோத்தகிரிக்காரன்:

அண்ணா, வந்துவிட்டது. சீனாவின் ஆய்வுக்கூடங்களில். அதுவும் இதே இரட்டைக் கதைதான்.

சதைக்குள் இருக்கும் அந்த முள் முதுகெலும்போடு ஒட்டியதல்ல. தசை அடுக்குகளுக்கு நடுவே உள்ள தசைநார் நேராக எலும்பாகி வருவது. குருத்தெலும்பு நிலையே அதற்கு இல்லை. எலும்பு உயிரணு உருவாவதற்கே தலைமைச் சைகை தருவது ரன்க்ஸ்2 என்ற மரபணு. 1997இல் எலியில் அதை நீக்கிப் பார்த்தார்கள். பிறந்த குட்டிக்கு எலும்பே இல்லை. குருத்தெலும்புக் கூடு மட்டும் இருந்தது. மூச்சுவிட முடியாமல் பிறந்ததும் இறந்தது.

மீனில் ரன்க்ஸ்2ஏ, ரன்க்ஸ்2பி என்று இரண்டு. 2020க்குப் பிறகு கெண்டைக் குடும்ப மீன்களில் 'பி'யை மட்டும் கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் கத்தரித்தார்கள். மீன் பிழைத்தது, வளர்ந்தது, முதுகெலும்பும் விலாவும் மண்டையும் சரியாகவே இருந்தன. சதைக்குள் இருக்கும் முள் மட்டும் இல்லை. எக்ஸ்-கதிர்ப் படத்தில் இரண்டு மீனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்பவே முடியாது, அவ்வளவு சுத்தம். எலியை அடியோடு எலும்பில்லாமல் ஆக்கிய அதே மரபணுதான் இங்கே முள்ளை மட்டும் எடுத்திருக்கிறது. மற்ற எலும்புகளுக்கு 'ஏ' பொறுப்பேற்றுக்கொண்டது என்பதுதான் பொருத்தமான விளக்கம்.

அது உங்கள் கடைக்கு வர வேண்டுமா என்பது சட்டமும் சாப்பிடுகிறவர்களும் முடிவுசெய்ய வேண்டியது. என் கருத்தைக் கேட்டால், மரபணு திருத்திய மீன் எதையும் திறந்த அணையில் விடக்கூடாது. ஒருமுறை தண்ணீரில் இறங்கினால் திரும்ப எடுக்க வழியில்லை.

மசினகுடி:

அந்தக் கடைசி வரிக்காகவே எழுத வந்தேன். இழை முழுக்கக் கெண்டையும் ட்ரவுட்டும்தான் பேசப்படுகின்றன. இரண்டும் வெளியிலிருந்து வந்தவை. ட்ரவுட்டை வெள்ளைக்காரர்கள் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்தார்கள். 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்தார்கள். கெண்டை அடிச்சேற்றைக் கிளறித் தண்ணீரையே கலக்கிவிடும். இவற்றின் மரபணு அழகைப் பேசும்போது, இவை இறங்கிய ஓடைகளில் முன்பிருந்த மீன்களையும் ஒரு வரி நினைக்க வேண்டும்.

மோயாற்றில் திமில் மகசீர் இருக்கிறது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன். அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் 2018இலிருந்து மிக அருகிய இனம். உள்ளங்கை அளவுக்குச் செதில் வளரும். அந்த மீனின் எலும்பைப் பற்றி இதே அக்கறையோடு யாராவது பேசுகிறார்களா?

கோத்தகிரிக்காரன்:

நியாயமான வருத்தம். என் பதிலின் ஒரு பகுதி உங்கள் மீனைப் பற்றியே இருக்கட்டும். டோர் பேரினத்து மகசீர்களுக்கும் குரோமோசோம் 100. கெண்டைக் குடும்பத்தில் முழு இரட்டிப்பு பல கிளைகளில் தனித்தனியாக நடந்திருக்கிறது, அதில் மகசீர் கிளையும் ஒன்று. இவ்வளவு பெரிய செதிலுக்குப் பின்னால் எந்தப் பிரதி வேலை செய்கிறது என்பது கேட்கத் தகுந்த கேள்வி. அதற்காக ஒரு மீனைக்கூடக் கொல்ல வேண்டியதில்லை. துடுப்பு ஓரத்தில் ஒரு சிறு துணுக்கு போதும், அது மறுபடி வளர்ந்துவிடும். ஆனால் ஆறு ஓடினால்தான் மீன் இருக்கும், மீன் இருந்தால்தான் கேள்வி இருக்கும். அந்த வரிசையில் நானும் உங்கள் பக்கம்தான்.

பி.எஸ்சி. விலங்கியல்:

அண்ணா, இன்னொன்று. இந்த மலையில் 1939இலிருந்து கண்ணாடிக் கெண்டை இருக்கிறது. காட்டுத்தனமாக வளர்ந்தால் மறுபடி செதில் வந்துவிடுமா? கெட்ட மரபணு தானாகச் சரியாகாதே?

கோத்தகிரிக்காரன்:

மடகாஸ்கரில் நடந்ததைச் சொல்கிறேன். 1912 வாக்கில் பிரான்சிலிருந்து அங்கே கண்ணாடிக் கெண்டை கொண்டுபோனார்கள். குளங்களிலிருந்து தப்பி இயற்கை நீர்நிலைகளில் பரவியது. நூறாண்டு கழித்துப் பார்த்தால் உடம்பு முழுக்கச் செதிலோடு கெண்டைகள். வேறு ரகம் கலந்திருக்கும் என்றுதான் யாரும் முதலில் நினைப்பார்கள். 2016இல் வெளிவந்த ஆய்வில் மரபணுவைப் பார்த்தபோது, முழுச் செதில் உள்ள மீன்களிலும் எஸ்ஸின் கெட்ட வடிவமே இரு பக்கமும் இருந்தது. பழுது சரியாகவில்லை. வேறு பல மரபணுக்களின் சிறு சிறு மாற்றங்கள் சேர்ந்து, கெட்டதைச் சுற்றிக்கொண்டு செதிலை மீட்டிருக்கின்றன. எதிரிகளும் ஒட்டுண்ணிகளும் உள்ள தண்ணீரில் செதில் பாதுகாப்பு, ஆகவே செதில் உள்ளவை பிழைத்தன என்று கருத இடமிருக்கிறது.

இங்கே அது நடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் எமரால்டு, பைக்காரா மாதிரி அணைகளில் பிடிபடும் மீன்களில் எது எந்தச் செதில் மாதிரி என்று ஆண்டுக்கணக்காகக் குறித்துவைக்க வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: முழுச் செதில் மீன் கிடைத்தால் உடனே மடகாஸ்கர் கதை என்று முடிவுகட்டக் கூடாது. சமவெளி ரகம் கலந்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். மரபணு பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

குன்னூர் டீச்சர்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கேள்வி கேட்ட மாணவனிடம் முதல் பதிலை வாசித்துக் காட்டினேன். "அப்போ அந்த பி-யையும் கெடுத்தால் மீன் செத்துவிடுமா?" என்று அடுத்ததைக் கேட்டுவிட்டான்! இதைப் பள்ளி ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா? எங்களிடம் சாதாரண நுண்ணோக்கி ஒன்றும், உருப்பெருக்கிக் கண்ணாடிகளும் இருக்கின்றன.

கோத்தகிரிக்காரன்:

அவனிடம் "அவ்வளவு நேராகச் சொல்ல முடியாது, வரிக்குதிரை மீனில் எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 என்ற உறவு மரபணுவும் கருவில் கைகொடுக்கிறது, மூன்றும் சேர்ந்து கெட்டால்தான் கருவில் பெரிய குறை தெரிகிறது" என்று சொல்லுங்கள்.

செய்முறைக்கு: ஆய்வுக்கூடங்களில் குருத்தெலும்பை நீலத்திலும் எலும்பைச் சிவப்பிலும் சாயமேற்றி, சதையைக் கண்ணாடி போலத் தெளிய வைப்போம். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் அதற்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும், தோலையும் கண்ணையும் அரிக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

அதைவிட எளிது: கடையிலிருந்து ஒரு கெண்டைத் தலை, ஒரு ட்ரவுட் தலை. கொதிக்காத வெந்நீரில் மெல்ல வேகவைத்து, பழைய பல்துலக்கியால் சதையைத் தேய்த்து எடுத்துக் காயவையுங்கள். ட்ரவுட்டின் தாடையில் கூர்மையான பற்கள் இருக்கும். கெண்டையின் தாடையில் ஒரு பல்கூட இராது. தொண்டைக்குள், செவுள் வளைவுகளின் கடைசி எலும்பில் கடைவாய்ப்பல் மாதிரி இருக்கும். பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

செதிலுக்கு: கண்ணாடியிலிருந்து ஒன்றும், முழுச் செதில் கெண்டையிலிருந்து ஒன்றும் எடுத்துக் கழுவி, நுண்ணோக்கியில் வையுங்கள். அளவுதான் வேறு, வளையங்கள் ஒரே பாணி. மரபணு கெட்டதால் செதில் போடும் திறன் அழியவில்லை, எங்கே எத்தனை போட வேண்டும் என்ற கணக்குதான் கலைந்திருக்கிறது என்பது அங்கேயே தெரியும்.

மேட்டுப்பாளையம் மீன்கடை:

டீச்சர், சனிக்கிழமை மலை மீன் இறங்கும். கண்ணாடி, கோடு, வெறும் தோல், முழுச் செதில் என்று கிடைக்கிற மாதிரியெல்லாம் ஒவ்வொரு தலையும் தோல்துண்டும் ஐஸில் எடுத்துவைக்கிறேன். காசு வேண்டாம். வெறும் தோல் கிடைப்பது கஷ்டம், அது மட்டும் உறுதி சொல்ல முடியாது. ட்ரவுட் எங்களிடம் வராது, அதற்கு நீங்கள் மேலேதான் கேட்க வேண்டும்.

மசினகுடி:

ட்ரவுட்டுக்காகப் பிள்ளைகளை அவலாஞ்சி ஓடைப் பக்கம் கூட்டிப்போக நினைத்தால் முதலில் வனத்துறை அனுமதி வாங்குங்கள் டீச்சர். காப்புக்காட்டு ஓடையில் மீன் பிடிக்கக் கூடாது. பொரிப்பகத்தைப் பார்க்க மீன்வளத் துறைக்குப் பள்ளித் தாளில் கடிதம் எழுதுங்கள்.

குன்னூர் டீச்சர்:

கடிதம் இன்றே எழுதுகிறேன். அண்ணா, சனிக்கிழமை காலை பள்ளி வேன் கீழே வரும், டிரைவரிடம் பெட்டி கொடுத்தனுப்புகிறேன். ஒவ்வொரு மீனும் எந்த அணையில் பிடித்தது என்று தெரிந்தால் ஒரு சீட்டில் எழுதிப் போடுங்கள். செதில் கணக்கைப் பிள்ளைகள் இந்த ஆண்டிலிருந்தே குறிக்கத் தொடங்கட்டும்.